பெட்ரோலா டீசலா, எது சீக்கிரம் பத்தும்?

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சில் வந்த தடுமாற்றங்களையும், திரும்பத் திரும்பச் சொன்னதையும் எடுத்துவிட்டு, வாசிக்க வசதியா லேசாத் திருத்தியிருக்கேன்.)

இந்த வாரம் ரெக்கார்டிங் சென்னையில இல்ல. ஊருக்கு வந்திருக்கேன். விருதுநகர் மாவட்டம், சாத்தூர் பக்கம், ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்துல இருக்கிற அச்சங்குளம். சித்தப்பா வீட்டு மொட்டை மாடியில உட்கார்ந்து பேசிக்கிட்டிருக்கேன். நடுவுல கோழிச் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க.

வழக்கமா இங்க சாஃப்ட்வேர் பத்தித்தான் பேசுவோம். இன்னைக்கு டீசல் இன்ஜின், பெட்ரோல் இன்ஜின். ஏன்னா, போன வருஷம் இதைப் பத்தி சித்தப்பா என்கிட்ட ஒரு கேள்வி கேட்டாரு. நான் ரொம்ப தைரியமா ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதில் தப்பு. அதைத் திருத்தத்தான் இந்த எபிசோட்.

நடந்தது இதுதான். சித்தப்பாகிட்ட டீசல் குட்டி யானை ஒண்ணு இருக்கு. சிவகாசியில அச்சடிச்ச அட்டைப்பெட்டிகளை பட்டாசு யூனிட்டுகளுக்குக் கொண்டு போய்ப் போடுறதுதான் தொழில். தீபாவளிக்கு ஒரு மாசம் இருக்கும்போது, விடியக்காலையில ஒரு பங்க்ல டீசல் போட நிறுத்தியிருக்காரு. இப்போ அதே மாதிரி வண்டி பெட்ரோல்லயும் வருது. பங்க் பையன் கேட்காம பெட்ரோல் நாசிலைச் சொருகிட்டான். சித்தப்பா போன்ல லோடு பேசிக்கிட்டிருந்தாரு. 12 லிட்டர் போனதுக்கப்புறம்தான் பார்த்திருக்காரு. பையன் சமாதானம் சொல்லியிருக்கான்: “பரவாயில்ல அண்ணே, பெட்ரோல் இன்னும் நல்லாத்தான் எரியும். மேல டீசல் ஊத்திக்கோங்க.”

சித்தப்பாவுக்கும் அது சரின்னு பட்டிருக்கு. விலை கூடின எண்ணெய், சீக்கிரம் பத்துற எண்ணெய், அது போய் இன்ஜினை என்ன செய்யப் போகுது? டீசலும் ஊத்திக்கிட்டுக் கிளம்பிட்டாரு. வெம்பக்கோட்டை தாண்டினதும் இன்ஜின் சுத்தியலால அடிக்கிற மாதிரி தட்ட ஆரம்பிச்சது. இழுவை இல்ல, புகை. அப்புறம் ஆஃப் ஆனது ஆனதுதான். கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாங்க. டீசல் பம்ப்பும் நாசிலும் போச்சு. 38,000 ரூபாய் செலவு, 9 நாள் வண்டி நின்னது. சீசன்ல 9 நாள்னா என்னன்னு இந்தப் பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும்.

அன்னைக்கு ராத்திரி எனக்குப் போன் பண்ணி, “நீ இன்ஜினியர்தானேப்பா, நல்லா எரியுற எண்ணெய ஊத்துனா இன்ஜின் ஏன் கெட்டுப் போகுது?”ன்னு கேட்டாரு. நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ். அதைச் சொல்லாம, “பெட்ரோல் ரொம்ப வேகமாப் பத்திக்கும் சித்தப்பா, டீசல் இன்ஜின் அதைத் தாங்காது”ன்னு சொல்லிட்டேன். டீசல் இன்ஜினுக்குள்ள நடக்கிறது கிட்டத்தட்ட இதுக்கு நேர் எதிர்.

‘பத்தும்’ங்கிறதுக்குள்ள ரெண்டு கேள்வி

ஒரு எண்ணெய் சீக்கிரம் பத்துமான்னு கேட்டா, அதுல ரெண்டு தனித்தனிக் கேள்வி இருக்கு. ஒண்ணு, பக்கத்துல நெருப்பையோ பொறியையோ கொண்டு போனா பத்துமா? ரெண்டாவது, நெருப்பே காட்டாம, சூடு மட்டும் ஏத்திக்கிட்டே போனா எப்போ தானாப் பத்தும்?

முதல் கேள்விக்கு பெட்ரோல்தான் முந்தும். திரவம் எரியுறதில்ல, அதுல இருந்து கிளம்புற ஆவிதான் எரியுது. பொறி பட்டா பத்துற அளவுக்கு ஆவி கிளம்புற குறைந்தபட்ச வெப்பநிலைய ஃப்ளாஷ் பாயிண்ட்னு சொல்வாங்க. பெட்ரோலுக்கு அது சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ். அதாவது நம்ம ஊர்ல எந்த மாசத்துலயும், எந்த நேரத்துலயும் பெட்ரோல் தயாரா இருக்கு. காத்துல அதோட ஆவி 1.4 சதவீதத்துல இருந்து 7.6 சதவீதம் வரைக்கும் கலந்திருந்தா பொறி பட்டதும் பத்தும். அந்த ஆவி காத்தை விட கனம். மேல போகாம தரையோட தவழ்ந்து போய்ப் பள்ளத்துல தங்கும். டீசல் அப்படி ஆவியாகாது. சட்டையில பெட்ரோல் பட்டா கொஞ்ச நேரத்துல காஞ்சிடும். டீசல் பட்டா துவைச்சாலும் வாடை போகாது.

ரெண்டாவது கேள்விக்கு வாங்க. நெருப்பில்லாம தானாப் பத்துற வெப்பநிலை டீசலுக்கு சுமார் 210 டிகிரி. பெட்ரோலுக்கு 250-க்கு மேல. இங்க டீசல் முந்திடுது. நான் இதைப் படிச்சப்போ அட்டவணையில எண்ணை மாத்திப் போட்டுட்டாங்களோன்னு நினைச்சு இன்னும் ரெண்டு இடத்துல பார்த்தேன். சரியாத்தான் இருக்கு.

ரெண்டு இன்ஜினும் ரெண்டு விதமா இருக்கிறதுக்கு அடிப்படை இதுதான். பெட்ரோல் இன்ஜின் முதல் கேள்விய வச்சு ஓடுது, டீசல் இன்ஜின் ரெண்டாவது கேள்விய வச்சு ஓடுது.

தாத்தாவோட ஆயில் இன்ஜின்

எங்க தாத்தா கிணத்துல ஒரு ஆயில் இன்ஜின் இருந்துச்சு. அஞ்சு குதிரைத்திறன். மிளகாய்க்கும் பருத்திக்கும் அதுதான் தண்ணி. கையால சுத்திக் கிளப்பணும். தலையில ஒரு சின்ன லிவர் இருக்கும். அதைத் தூக்கிப் பிடிச்சா வால்வு திறந்தே இருக்கும், காத்து அடைபடாது. ஹேண்டிலைச் சுத்திச் சுத்தி ஃப்ளைவீல் வேகம் பிடிச்சதும் லிவரை விடுவாரு. ‘டுக்’குனு ஒரு சத்தம், அப்புறம் டுக்கு டுக்குனு ஓட ஆரம்பிச்சிடும். லிவரை விட்டுட்டு வெறுங்கையால சுத்திப் பாருங்க, ஒரு சுத்துகூட முடியாது. சிலிண்டருக்குள்ள காத்தை அந்த அளவுக்கு அமுக்குது.

பேட்டரி கிடையாது, ஒயர் கிடையாது, ஸ்பார்க் ப்ளக் கிடையாது. “அப்போ எப்படித் தாத்தா பத்துது?”ன்னு சின்ன வயசுல கேட்டிருக்கேன். “காத்த நெருக்குனா சூடாகும்டா”ன்னு சொன்னாரு. சைக்கிளுக்குக் காத்தடிக்கும்போது பம்ப்போட அடிப்பக்கம் சுடுமே, அதேதான். டீசல் இன்ஜின் காத்தை மட்டும் உள்ள இழுத்து, கிட்டத்தட்ட 16-ல இருந்து 20 மடங்கு வரைக்கும் சுருக்குது. 18 மடங்குன்னு வச்சு நான் மூணு வரி பைத்தான்ல கணக்குப் போட்டேன். 30 டிகிரியில உள்ள போன காத்து, சூடு எங்கயும் கசியலைன்னா, சுமார் 690 டிகிரிக்குப் போகுது. நிஜத்துல சிலிண்டர் சுவர் கொஞ்சத்தைக் குடிச்சிடும், அதனால இதைவிடக் குறையும். ஆனாலும் 210-க்கு ரொம்ப மேல. அந்தக் கொதிக்கிற காத்துக்குள்ள டீசலை ஊசி மாதிரி நுண்ணிய துளி வழியாப் பீய்ச்சினா, பட்ட உடனே பத்திக்கும்.

பெட்ரோல் இன்ஜின் வேற மாதிரி. காத்தும் பெட்ரோலும் முதல்லயே கலந்துடும். பெரும்பாலும் 14.7 கிலோ காத்துக்கு ஒரு கிலோ பெட்ரோல். அதை 10 மடங்கு, 11 மடங்குதான் அமுக்குது. அப்புறம் சரியான நேரத்துல ப்ளக் பொறி விடும். பொறி விடுற வரைக்கும் அந்தக் கலவை பொறுமையா இருக்கணும். அதுதான் பெட்ரோலோட வேலை.

இங்க ஒரு நேயர் கேட்கலாம்: “10 மடங்கு அமுக்கினாலே 250 டிகிரி தாண்டிடுமே, அப்போ பெட்ரோலும் தானாப் பத்தாதா?” நியாயமான கேள்வி. அந்த 250-ங்கிறது ஆய்வகத்துல ஒரு சூடான குடுவையில அளக்கிற எண். தானாப் பத்துறதுக்கு சூடு மட்டும் போதாது, கொஞ்சம் நேரமும் வேணும். நல்ல பெட்ரோல் அந்த நேரத்தை இழுத்தடிக்கும். அதுக்குள்ள பொறி விட்டு, தீ சிலிண்டர் முழுக்கப் பரவி முடிஞ்சிடும். இழுத்தடிக்க முடியாத மட்டமான பெட்ரோல்னா, தீ போய்ச் சேராத மூலை தானா வெடிக்கும். அதைத்தான் மெக்கானிக் ‘நாக்கிங்’னு சொல்வாரு.

ஆக்டேன், சீட்டேன்

இந்தப் பொறுமைக்கு ஒரு மார்க் இருக்கு, ஆக்டேன். நம்ம பங்க்ல சாதாரண பெட்ரோலுக்கு முன்னாடி குறைஞ்சது 91-ஆ இருந்துச்சு. டீசலுக்கு இருக்கிற மார்க் சீட்டேன், குறைஞ்சது 51. ஆனா சீட்டேன் அளக்கிறது பொறுமைய இல்ல, அவசரத்தை. சூடான காத்துல பட்டதும் எவ்வளவு சீக்கிரம் பத்துதுன்னு பார்க்குது. ஒண்ணுல மார்க் கூடினா இன்னொண்ணுல பொதுவாக் குறையும்.

காரணம் மூலக்கூறோட வடிவத்துல இருக்கு. ரெண்டுமே கச்சா எண்ணெயில இருந்து வர்றதுதான். மணலி சுத்திகரிப்பு ஆலை மாதிரி இடத்துல கச்சா எண்ணெயைக் காய்ச்சி, கொதிநிலைப்படி பிரிக்கிறாங்க. பெட்ரோல் சுமார் 200 டிகிரிக்குள்ள கொதிச்சு வர்ற லேசான பகுதி. டீசல் கிட்டத்தட்ட 370 டிகிரி வரைக்கும் போற கனமான பகுதி. டீசல்ல நீளமான கார்பன் சங்கிலிகள் அதிகம். நீளமா, நேரா இருக்கிற சங்கிலி சூட்டுல சுலபமா உடையும், உடைஞ்சதும் பத்தும். பெட்ரோல்ல சின்னதா, கிளை விட்ட மூலக்கூறுகள், வளையங்கள் எல்லாம் உண்டு. அதுங்க சூட்டை நல்லாத் தாங்கும்.

அதனால பெட்ரோல் உசத்தி, டீசல் மட்டம்கிறதெல்லாம் இல்ல. விலையிலதான் அந்த நினைப்பு வந்திருக்கு. ஒரு லிட்டர் எடுத்துக்கிட்டா டீசல்லதான் சக்தி கொஞ்சம் கூட. டீசல்ல சுமார் 36 மெகாஜூல், பெட்ரோல்ல 32-க்குப் பக்கத்துல. கிலோ கணக்குல பார்த்தா ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணு. டீசல் கனமா இருக்கிறதால லிட்டர்ல அதிகமாத் தெரியுது.

ஆனா டீசல் வண்டி மைலேஜ் அதிகம் கொடுக்கிறதுக்கு அது மட்டும் காரணமில்ல. அதிகமா அமுக்கி எரிச்சா, அதே சூட்டுல இருந்து அதிக வேலை கிடைக்கும். இன்னொண்ணு, பெட்ரோல் இன்ஜின்ல ஆக்ஸிலேட்டரைக் குறைச்சா காத்து வர்ற வழிய ஒரு தகடு பாதி அடைக்குது. இன்ஜின் மூச்சுத் திணறித் திணறி ஓடுது, அதுல சக்தி வீணாகுது. டீசல்ல காத்து எப்பவும் தாராளமாப் போகும், டீசலோட அளவை மட்டும் கூட்டிக் குறைப்பாங்க.

இதை நேராப் பார்க்கணும்னா டீசல் புல்லட்டைப் பாருங்க. சென்னை திருவொற்றியூர்ல என்ஃபீல்டு கம்பெனி ஒரு காலத்துல டீசல்ல ஓடுற புல்லட் செஞ்சாங்க. 325 சிசி இன்ஜின், வெறும் 6.5 குதிரைத்திறன். பெட்ரோல் புல்லட் 350 சிசியில கிட்டத்தட்ட 18. டீசல் புல்லட்ல யாரையும் முந்த முடியாது. ஆனா லிட்டருக்கு 70 கிலோமீட்டருக்கு மேல போகும். எங்க பக்கத்துல ஒரு பெரியவர் வச்சிருந்தாரு. அவர் வர்றது அடுத்த ஊர்லயே கேட்கும்.

டீசலுக்கு ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. கடைசி நொடியில பீய்ச்சுறதால காத்தோட முழுசாக் கலக்க நேரம் கிடைக்காது. கலக்காத இடத்துல கரி, சூடு அதிகமான இடத்துல நைட்ரஜன் ஆக்ஸைடு. 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6 விதி வந்து, ரெண்டையும் வடிகட்டணும்னு ஆனப்போ, சின்ன டீசல் வண்டிகளுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகல. மாருதி டீசல் காரையே நிறுத்திட்டாங்க. சின்ன லோடு வண்டிகள்லயும் பெட்ரோல், சிஎன்ஜி பெருகினது இதுக்கப்புறம்தான். சித்தப்பா வண்டியைப் பார்த்து அந்தப் பையன் குழம்பினதுக்குப் பின்னாடியும் இது இருக்கு.

பம்ப் ஏன் போச்சு?

இப்போ சித்தப்பாவோட கேள்விக்குச் சரியான பதில் சொல்லலாம். டேங்க்ல பாதிக்கு மேல பெட்ரோல். இன்ஜின் காத்தை அமுக்கி, சூடாக்கி, எண்ணெயைப் பீய்ச்சுது. அது உடனே பத்தணும். பெட்ரோல் கலந்ததால பத்தல, தாமதிக்குது. அந்தத் தாமதத்துல இன்னும் எண்ணெய் உள்ள சேருது. அப்புறம் சேர்ந்த மொத்தமும் ஒரே அடியா எரியுது. அந்தத் தட்டுற சத்தம் அதுதான். பெட்ரோல் சீக்கிரம் பத்தினதால வந்ததில்ல, லேட்டாப் பத்தினதால வந்தது.

ரெண்டாவது, செலவு வச்ச விஷயம். டீசல் பம்ப்புக்குள்ள இரும்பும் இரும்பும் தலைமுடியை விட மெல்லிய இடைவெளியில உரசி ஓடுது. அதுக்குத் தனியா கிரீஸ் கிடையாது, டீசல்தான் மசகு. பெட்ரோலுக்கு அந்த வழவழப்பு இல்ல, அழுக்கைக் கரைக்கிற எண்ணெய் அது. பம்ப் காஞ்சு உரசி, இரும்புத் தூள் கிளம்பி, அது நாசில் வரைக்கும் போயிடுச்சு.

அதனால டீசல் வண்டியில பெட்ரோல் போயிடுச்சுன்னு தெரிஞ்சா, சாவியைத் தொடாதீங்க. ஸ்டார்ட் பண்ணக் கூடாதுங்கிறது மட்டுமில்ல, சாவியைப் போட்டாலே சில வண்டியில பம்ப் ஓட ஆரம்பிச்சிடும். நியூட்ரல்ல போட்டு ஓரமாத் தள்ளி, டேங்க்கை வடிக்க ஆள் கூப்பிடுங்க. அந்த இடத்துலயே வடிச்சா கொஞ்ச செலவோட முடியும். மேல டீசல் ஊத்தினா சரியாயிடும்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. மாத்தி, பெட்ரோல் வண்டியில டீசல் போனா, ப்ளக் நனைஞ்சு, புகை கக்கி நின்னுடும். வடிச்சு, சுத்தம் பண்ணினா பெரும்பாலும் பிழைச்சுக்கும்.

திண்ணையடியில ஒரு கேன்

இதோட எபிசோடை முடிச்சிருப்பேன். ஆனா போன வாரம் ஊருக்கு வந்தப்போ வீட்டுத் திண்ணையடியில ரெண்டு பிளாஸ்டிக் கேனைப் பார்த்தேன். ரெண்டும் சேர்த்து 20 லிட்டருக்கு மேல இருக்கும். நாலு அடி தள்ளி வெந்நீர் அடுப்பு. என்னன்னு கேட்டேன். “டேங்க்ல வடிச்ச டீசல்தான்பா. காசு போட்டு வாங்கினது, எதுக்காவது ஆகும்”னாரு சித்தப்பா.

எனக்குக் கை நடுங்கிடுச்சு. டீசல்ல பெட்ரோல் கலந்தா, பெட்ரோல் ஆவிதான் முதல்ல கிளம்பும். கொஞ்சம் கலந்தாலே ஃப்ளாஷ் பாயிண்ட் சடார்னு இறங்கிடும். இதுல பாதிக்கு மேல பெட்ரோல். பார்க்க டீசல் மாதிரி, தொட்டா டீசல் மாதிரி, வாடையும் கிட்டத்தட்ட டீசல். ஆனா பொறிக்கு அது பெட்ரோல்.

சுத்தமான டீசலா இருந்தாலும் ‘டீசல் பத்தாது’ன்னு சொல்ல முடியாது. நம்ம நாட்டுத் தரநிலைப்படி டீசலோட ஃப்ளாஷ் பாயிண்ட் குறைஞ்சது 35 டிகிரி இருந்தாப் போதும். பொதுவா அதுக்கு மேலதான் இருக்கும். ஆனா கத்திரி வெயில்ல, தகரக் கூரைக்குக் கீழ, இந்த ஊர்ல என்ன சூடு இருக்கும்னு உங்களுக்கே தெரியும். துணியில ஊறின டீசல் திரி மாதிரி எரியும், துளியாத் தெறிச்சாலும் எரியும். சட்டம் பெட்ரோலை ‘ஏ’ வகுப்புலயும் டீசலை ‘பி’ வகுப்புலயும் வச்சிருக்கு. 23 டிகிரிக்குக் கீழ ஃப்ளாஷ் பாயிண்ட் இருந்தா ஏ. 23-ல இருந்து 65-க்குள்ள இருந்தா பி. பங்க்குக்கு லைசென்ஸ் தர்ற அதே வெடிபொருள் துறைதான் பட்டாசு ஆலைக்கும் லைசென்ஸ் தருது. சிவகாசியிலேயே அதுக்கு ஆபீஸ் இருக்கு.

சித்தப்பா அவ்வளவு லேசுல ஒத்துக்கல. ஒத்துக்க வச்சது சித்திதான். சித்தி பட்டாசு யூனிட்டுக்குப் போறாங்க, சின்ன வயசுல தீப்பெட்டி ஒட்டினவங்க. நான் ஃப்ளாஷ் பாயிண்ட், தானாப் பத்துற வெப்பநிலைன்னு இழுத்துக்கிட்டிருந்தப்போ அவங்க குறுக்க வந்தாங்க. “தீக்குச்சிய சுவத்துல உரசுனாப் பத்துமா? பத்தாது. பெட்டி ஓரத்துல உரசுனாத்தான் பத்தும், அங்கதான் மருந்து இருக்கு. அடுப்புல காட்டுனா எங்க வச்சாலும் பத்தும். ஒவ்வொண்ணும் எதுக்குப் பத்தும்னு தெரிஞ்சு வச்சுக்கணும்னுதானே இவன் சொல்றான்? யூனிட்லயும் அதான் சொல்லித் தர்றாங்க. ஒரு மருந்து பொறிக்கு, ஒண்ணு உரசலுக்கு, அலுமினியப் பவுடர்னா ஈரத்துக்கு. கலந்து போன மருந்தை யாரும் வீட்டுக்கு எடுத்துட்டு வர்றதில்ல. நீங்க கலந்த எண்ணெய எடுத்துட்டு வந்திருக்கீங்க.”

அதுக்கப்புறம் யாரும் எதுவும் பேசல. 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி இந்த ஊர்ப் பட்டாசு ஆலையில நடந்த வெடி விபத்துல 20 பேருக்கு மேல இறந்தாங்க. அதைப் பத்தி நான் இங்க விளக்கம் சொல்ல வரல. இந்த ஊர்ல ‘எதுக்குப் பத்தும்’னு ஒருத்தர் கேட்டா அது பரீட்சைக் கேள்வி இல்லைன்னு மட்டும் சொல்றேன்.

அன்னைக்கே கேனை வெளிய எடுத்து, வீட்டை விட்டுத் தள்ளி, நிழல்ல, மூடி இறுக்கி வச்சோம். மறுநாள் மெக்கானிக்கே வந்து, பழைய ஆயில் எடுக்கிறவங்ககிட்ட சேர்த்துடுறேன்னு எடுத்துட்டுப் போனாரு. உங்க வீட்டுலயும் வடிச்ச எண்ணெய், கலந்த எண்ணெய், என்னன்னு மறந்து போன எண்ணெய் ஏதாவது கேன்ல இருந்தா, அது பெட்ரோல்னு நினைச்சே நடந்துக்கோங்க. மண்ணுலயும் சாக்கடையிலயும் ஊத்தாதீங்க, ஆவி அங்கயும் போகும். இந்த எபிசோடைக் கேட்டுட்டு, டீசல்ல தீக்குச்சி போட்டா அணையுதான்னு யாரும் செஞ்சு பார்க்க வேணாம்.

சித்தப்பா இப்போ டேங்க் மூடியில வெள்ளைப் பெயிண்ட்ல ‘டீசல்’னு பெருசா எழுதி வச்சிருக்காரு. பங்க்ல வண்டிய விட்டு இறங்கி, நாசிலைப் பார்த்துட்டுத்தான் போன் எடுக்கிறாரு. நான் சொன்ன தப்பான பதிலை அவர்கிட்ட திருத்திட்டேன். “அப்போ அன்னைக்குத் தெரியாமத்தான் சொன்னியா?”ன்னு கேட்டாரு. ஆமான்னேன்.

அடுத்த வாரம் சென்னையில இருந்து பேசுறேன். உங்க ஊர்ல இதே மாதிரி ஆயில் இன்ஜின், டீசல் புல்லட் கதை இருந்தா எழுதி அனுப்புங்க.